முல்லரும் என் பெயரும்

அன்புள்ள கண்ணு,

வீட்டுக்காரர் முல்லர், பல் டாக்டர் முல்லர், ஆபீசில் மட்டும் மூன்று முல்லர், இந்த ஊரில் வேறு பெயரே கிடையாதா அப்பா என்று நேற்று போனில் சிரித்தாயே, நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப் பெயரே அதுதான். முல்லர் என்றால் மாவு மில்காரர். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஓடைக்கரையில் ஒரு மில் ஓடும், தானியத்தை அங்கே கொண்டுபோய்த்தான் அரைக்க வேண்டும், அரைத்துக் கொடுத்தவரை ஊர் கூப்பிட்ட பெயரே பிள்ளை, பேரன் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்குப் போன பல முல்லர்கள் மில்லர் ஆகிவிட்டார்கள்.

பிசிக்ஸ் லேபில் இத்தனை வருஷம் நான் கதிர்வீச்சை எண்ணுகிற கைகர்-முல்லர் கருவியை, அதாவது ஜி.எம். கவுண்டரை, கட்டி மேய்த்தவன். அந்த 'எம்' ஒரு முல்லர் என்று பாதிப் பையன்களுக்குத் தெரியாது. 1928இல் கீல் நகரத்தில் ஹான்ஸ் கைகரும் அவருடைய மாணவர் வால்டர் முல்லரும் செய்த கருவி அது. கைகர் என்றால் ஃபிடில்காரர். ஆக, ஃபிடில்காரரும் மில்காரரும் சேர்ந்து கதிர்வீச்சை எண்ணியிருக்கிறார்கள்! இதை வகுப்பில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் விட்டேனே.

சென்னையில் நீ ஜெர்மன் படித்தது மாக்ஸ் முல்லர் பவன். ரிக் வேதத்தைப் பதிப்பித்த அந்த மனுஷர், முல்லர் என்று ஏகப்பட்ட பேர் இருக்கிறார்களே என்று தன் பெயரில் இருந்த மாக்ஸையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர், மில்காரர் மகளைக் காதலித்த பையனைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்குத்தான் ஷூபர்ட் மெட்டுப் போட்டார். அப்புறம் 1974 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் போட்ட கெர்ட் முல்லர், அவரைப் பற்றி உன் சித்தப்பாவிடம் கேள், விடிய விடியச் சொல்வார்.

சரி, அவர்களைச் சொல்லிச் சிரிக்கிறாயே, உன் கதை என்ன? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டோம், இப்போது உன் தபால் பெட்டியில் என் பெயர், டாக்டர் கூப்பிடுவதும், பெண்களை மரியாதையாக அழைக்கிற ஃப்ராவ் போட்டு என் பெயரை. நான் எப்போது ஃப்ராவ் ஆனேன் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பெத்து வளர்த்தது நானு, பேரு மட்டும் உங்களுதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் நம்பருக்கே கூப்பிடு.

அப்பா