செல் பிரிவதென்றால் குரோமோசோம் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பகுதியில் செல் பிரிதல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்பதையும், கதிர்கோல் இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுப்பதையும் அழகாக விளக்கியிருந்தார்கள். மற்ற நுண்ணுறுப்புகளுக்கோ ஒரே வரிதான்: அவை சேய் செல்களுக்குப் பங்கிடப்படுகின்றன என்று. எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதல்லவா கேள்வி!

செல் உண்டாக்கும் புரதங்களைப் பொதிந்து உரிய இடத்துக்கு அனுப்பும் கோல்கை உறுப்பையே எடுத்துக்கொள்வோம். 1898-இல் இத்தாலியின் காமில்லோ கோல்கி, ஆந்தையின் சிறுமூளை நரம்பு செல்களுக்கு வெள்ளி உப்பால் சாயமேற்றி இதைக் கண்டார். உண்மையிலேயே அப்படி ஓர் உறுப்பு உண்டா, சாயம் காட்டும் மாயமா என்ற வாதம் 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் ஓய்ந்தது. நம் உடலின் செல்களில் அது அடுக்கி வைத்த தோசைகளைப் போலத் தட்டையான பைகளின் அடுக்கு. பல அடுக்குகள் ஒன்றோடொன்று இணைந்து, உட்கருவை ஒட்டி ஒரே நாடாவாகக் கிடக்கும். செல் பிரியும் வேளை நெருங்கியதும் நாடா அறுந்து அடுக்குகள் தனித்தனியாகின்றன. பிறகு அடுக்குகளும் குலைந்து சின்னஞ்சிறு குமிழ்களாகச் சிதறுகின்றன.

சிடிகே1 என்ற நொதிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கோல்கையின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்130 புரதத்தின்மீது அது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதன்பின், வரும் குமிழ்களைப் பிடித்துச் சேர்க்கும் பி115 என்ற புரதத்தால் அதில் பற்ற முடிவதில்லை. குமிழ்கள் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும், வந்து இணைவது மட்டும் நின்றுவிடும். பிரிதல் முடியும் தறுவாயில் பாஸ்பேட் அகற்றப்படுகிறது. சிதறியவை மறுபடி கூடி, இரு சேய் செல்களிலும் கோல்கை எழுகிறது.

இதைச் செல் பிரிதலின் பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கோல்கையின் அடுக்குகளோடு தொடர்புள்ள கிராஸ்ப்65 என்ற புரதத்தின் வேலையைத் தடுத்தார்கள். செல்கள் பிரிதலுக்குள் நுழையவில்லை. மருந்து கொடுத்துக் கோல்கையை முன்கூட்டியே சிதறடித்த செல்களிலோ அந்தத் தடையே இல்லை. அதாவது, கோல்கை குலைந்தால்தான் செல் பிரிதலுக்குள் போகிறது! செல் உயிரியலில் என்னை இவ்வளவு வியக்கவைத்த செய்திகள் குறைவு. அதனால்தான் அந்த ஒரு வரி மனதை உறுத்தியது.

சிடிகே1 இதோடு நிற்பதில்லை. உட்கரு உறையை உட்புறமிருந்து தாங்கும் லேமின் என்ற புரத வலையையும் பாஸ்பேட் ஏற்றிக் கலைக்கிறது. டிஆர்பி1 என்ற புரதத்தைத் தூண்டி, செல்லுக்கு ஆற்றல் தரும், நீண்டு கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் துண்டாக்க உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவை எந்தச் செல்லும் புதிதாகப் படைத்துக்கொள்ள முடியாது, தாய் செல்லிடமிருந்து வந்தே ஆகவேண்டும். துண்டுகளாகிப் பரவினால்தானே இரு பக்கமும் கிடைக்கும்? இத்தகைய நொதிகளையும் செல் சுழற்சியின் கட்டுப்பாட்டையும் கண்டறிந்ததற்குத்தான் லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் என்ற அறிவியலாளர்கள் மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பள்ளி மாணவர்கள் செய்முறை வகுப்பில் பார்ப்பது வெங்காய வேர் நுனியை. அசிட்டோகார்மைன் சாயம் எடுத்துக்காட்டுவது குரோமோசோம்களைத்தான். போதாததற்கு, தாவர செல்களில் கோல்கை தனித்தனி அடுக்குகளாகவே பரவியிருக்கும், பிரியும்போதும் உடையாது. ஆக, மேலே சொன்ன எதையும் அந்தக் கண்ணாடி வில்லையில் காண வழியில்லை. படமும் எழுத்தும்தான் அவர்களுக்குக் காட்டவேண்டும். விலங்கு செல் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் கோல்கை, உட்கரு உறை, மைட்டோகாண்ட்ரியா மூன்றும் என்ன ஆகின்றன என்று குறித்து, வரும் இதழ் ஒன்றில் முழுப்பக்கப் படமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்