ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீருக்கு ஹனோவரிலிருந்து ஒரு பதில்

ஹனோவர்,
ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லாரும் நலம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா?

இங்கத்திய குளிரை ஏற்காட்டு மார்கழியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அங்கே பனி ஈரமாக இறங்கும். இங்கே வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே, வீட்டுக்குள் ஹீட்டர். உள்ளே ஈரப்பதம் பல நாள் 30 சதவீதம்கூட இருக்காது. துவைத்த துணி ராத்திரிக்குள் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும். எங்கள் வேலையைக் கெடுப்பதும் இதே காய்ந்த காற்றுதான்.

லேசரில் உயிரை அச்சடிக்கிறீர்களாமே, நம் தோட்டத்து ஊற்றில் களைக்கொல்லி இறங்கியிருந்தால் அது சொல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி சொல்லும்.

உங்கள் பில் புத்தகத்துக் கார்பன் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குப் பதில் கண்ணாடிச் சில்லு. அதன் ஒரு முகத்தில் 50, 60 நானோமீட்டர் தங்கப் பூச்சு, பூச்சின் மேல் மை. குளோரெல்லா என்கிற பச்சைப் பாசியை ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) கரைசலில் கலந்தால் அதுதான் மை. மை முகம் கீழே பார்க்கும்படி சில்லைக் கவிழ்த்து, மேலிருந்து லேசரால் ஒரு தட்டு. அந்த இடத்துத் தங்கம் ஆவியாகி ஒரு குமிழி எழும்பும். குமிழி மையைக் கீழே தள்ள, அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மின்முனையில் (மின்னோட்டத்தை அளக்கும் முனை) சொட்டு போய் உட்காரும். ஊசித்துளையே இல்லாததால் செல் அடைத்துக்கொள்ளும் தொல்லை கிடையாது. (1986-இல் இந்த முறையில் முதலில் இடம் மாற்றியது செம்பை. செம்பு பின்னால் வேறு விதத்தில் வரும்.)

50 மைக்ரான் அகலப் புள்ளிக்கு லேசர் சக்தி 20 மைக்ரோஜூல் போதும். பாதியாகக் குறைத்தால் குமிழி எழும்பி அப்படியே அமுங்கிவிடும், சொட்டு விழாது. இரட்டித்தால் சேற்றில் கல் எறிந்த மாதிரி சிதறும். மை மாறும்போதெல்லாம் கீழிருந்து ஏற்றிப் பார்த்துத்தான் அளவு பிடிக்க வேண்டும்.

தகராறு பெரும்பாலும் மையில்தான். 25 மில்லிமீட்டர் சதுரச் சில்லில் மையை 60 மைக்ரான் கனத்துக்கு இழுத்துப் பூசினால் மொத்தமே 38 மைக்ரோலிட்டர். இந்தக் காற்றில் சில நிமிடத்தில் ஓரம் காய்ந்து கெட்டியாகும். காலையில் சரியாக இருந்த 20 மைக்ரோஜூல் அதன்பின் பற்றாது. அதனால் மேடையையே ஈரமான பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். மையில் கிளிசரால் கலந்தாலும் காயாமல் வைக்கும். கூடிப்போனால் பாசியின் நீரை இழுத்துச் சுருக்கிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வெறும் தண்ணீரில் கலந்தால் பாசி ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். ஆல்ஜினேட் தாங்கிப் பிடிக்கும். அதுவும் அதிகமானால் சொட்டு அறாமல் நூலாக இழுக்கும், பாகு முற்றின மாதிரி.

எண்ணிக்கையும் முக்கியம். மில்லிலிட்டருக்கு 1 கோடி செல் இருக்கும் மையில் 100 பிக்கோலிட்டர் சொட்டுக்குச் சராசரி ஒரு செல். ஆனால் நூறு சொட்டில் 37 காலியாகவே விழும். மையைப் பத்து மடங்கு அடர்த்தியாக்கி, ஒரே இடத்தில் பத்துச் சொட்டு வைத்தால் சுமார் 100 செல், கூடக்குறைய 10. அப்போதுதான் ஒரு புள்ளியை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். கடைசியில் கால்சியம் குளோரைடு தூவல், புள்ளி ஜெல்லாக இறுகும். அதற்குப்பின் பாஸ்பேட் கலந்த கரைசலை ஊற்றக்கூடாது. அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், ஜெல் இளகிப் பாசி மிதந்து போய்விடும்.

இனி உங்கள் ஊற்று. வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் விடும், மின்முனை அதை மின்னோட்டமாக அளக்கும். டையூரான், அட்ரசின் மாதிரி களைக்கொல்லி ஒளிச்சேர்க்கையையே அடைப்பதால் மின்னோட்டம் சீக்கிரமே இறங்கிவிடும். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி அப்படியல்ல. அது அமினோ அமிலம் தயாராகும் வழியை அடைக்கிற மருந்து, அதனால் அந்த அவசரச் சோதனையில் அகப்படாது. இன்னொரு சிக்கல், காப்பிக்கு இலைத்துரு வராமல் அடிக்கிறீர்களே போர்டோ கலவை, அதிலுள்ள செம்பும் பாசியை முடக்கும். மின்னோட்டம் இறங்கினால் களைக்கொல்லியா செம்பா என்று பாசி பிரித்துச் சொல்லாது. பாசி பெருகப் பெருக அளவு தானாகவே நகர்வதால், பக்கத்திலேயே நல்ல தண்ணீரில் ஒரு ஜோடிப் புள்ளி வைத்துப் பார்க்கவும் வேண்டும்.

ஆகவே எந்த மருந்து அடிக்கிறீர்கள் என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. களைக்கொல்லி டப்பாவில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரை எழுதி அனுப்புங்கள். போர்டோ அடித்த தேதிகளும் வேண்டும். அடித்தபின் வரும் முதல் மழைக்கு மறுநாள், ஊற்றுத் தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை பிடித்து, தேதி எழுதி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், பாட்டில் வெடித்துவிடும். கிளைபோசேட் என்றால் பாசியை நம்பாமல் நேராக சேலத்தில் ஏதாவது ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள்.

மிளகு பறிப்பு ஆரம்பித்துவிட்டதா? அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்