கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

சென்னை,
11 மே 2025

அன்புள்ள இசக்கிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்ததால் ஊருக்குப் போய்விட்டேன். இப்போது நன்றாக இருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் சேலை நிறத்தைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். உன் வீட்டுக்கும் ஒரு சாயங்காலம் போய்வந்தேன். "ஆனித் தேருக்கு வாரானாமா அவன்?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார். உனக்கும் எனக்கும் சேர்த்து "வாரான்" என்று சொல்லிவிட்டேன். இனி வராமல் இருக்காதே.

சரி, உன் மகள் மீனா விஷயத்துக்கு வருகிறேன். நிண்டெண்டோவின் புதிய விளையாட்டுப் பெட்டியான ஸ்விட்ச் 2க்கு அங்கே ஏப்ரல் 9இல் தொடங்க வேண்டிய முன்பதிவை இறக்குமதி வரிக் குழப்பத்தால் 24க்குத் தள்ளிவைத்தார்கள். அன்று நள்ளிரவு விழித்திருந்து மீனாவுக்காக ஒன்றைப் பிடித்துவிட்டாய். இப்போது கைவிடலாமா என்று யோசிக்கிறாய். "தேர்ட் பார்ட்டி பட்டியலைப் பார்த்தால் ஊரே திரண்டு வந்த மாதிரி இருக்கிறது, ஆனால் வீ யூ ஞாபகம் வருகிறது" என்று நீ எழுதிய வரியை நான்கைந்து தடவை படித்தேன். எனக்கும் அதே ஞாபகம்தான். நிண்டெண்டோவின் 2012ஆம் வருஷத்துப் பெட்டியான வீ யூவுக்கும் தேர்ட் பார்ட்டி என்கிற வெளிக் கம்பெனிகள் முதலில் திரண்டுதான் வந்தன, பிறகு கைவிட்டன.

2013 ஜனவரியில் நான் ஆன்சைட் வந்தபோது நியூ ஜெர்சி எடிசனில் உன் வீட்டில் தங்கியிருந்தேனே, அந்த இரண்டு வாரம். வெளியே பனி கொட்டும். நாம் விளக்கை அணைத்துவிட்டு வீ யூவில் ஜாம்பி யூ ஆடுவோம். பையைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கையிலுள்ள கேம்பேடின் திரையில்தான் தெரியும், ஆட்டம் நிற்காது. நீ தலையைக் குனிந்து தோட்டா தேடுவாய். நான் டிவியைப் பார்த்து "பின்னாடி வாரான்லே" என்று கத்துவேன். செத்தால் அந்த ஆள் போனது போனதுதான். வேறொரு ஆளாக எழுந்து, செத்த இடத்துக்குப் போய், பிணமாகத் திரியும் பழைய ஆளை அடித்து வீழ்த்தித்தான் நம் பையை மீட்க வேண்டும். அந்த இரட்டைத் திரை இல்லாவிட்டால் அந்த நடுக்கம் வந்திருக்காது. புதிய பெட்டிக்காக வெளிக் கம்பெனி ஒன்று மனசு வைத்துச் செய்த விளையாட்டு என்று நான் இன்றைக்கும் யாரிடமும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதைச் செய்த யூபிசாஃப்டுக்கு அதில் லாபம் இல்லை. அதன் தலைவர் ஈவ் கிய்மோ அதை வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாம் பாகம் வரவில்லை. வீ யூவுக்கு மட்டும் என்று பிப்ரவரி 26க்கு அறிவித்திருந்த ரேமேன் லெஜெண்ட்ஸைக் கடைசி நேரத்தில் நிறுத்தி, மற்றப் பெட்டிகளோடு சேர்த்து வெளியிடலாம் என்று செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டார்கள். நீ அதற்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதைவிட மோசம். 2011இல் இ3 விளையாட்டுக் கண்காட்சி மேடையில் அதன் தலைவரே ஏறி, நிண்டெண்டோவோடு இதுவரை காணாத கூட்டுறவு என்றார். வந்தது என்ன? மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்களுக்கு மாஸ் எஃபெக்ட் மூன்று பாகமும் ஒரே தொகுப்பாகக் கிடைத்த அதே 2012 நவம்பரில், வீ யூவுக்கு மூன்றாம் பாகம் மட்டும். முதல் இரண்டு பாகம் ஆடாதவன் மூன்றாவதை ஏன் வாங்குவான்? 2013 மே மாதத்திலேயே, வீ யூவுக்கு எங்களிடம் எதுவும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைய பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தாலும் கனமாகத்தான் இருக்கும். அசாசின்ஸ் க்ரீட் 3, கால் ஆஃப் டியூட்டி, பேட்மேன், ஃபிஃபா. எல்லாம் வந்தன. ஏற்கெனவே வேறு பெட்டியில் ஆடியவன் மறுபடி வாங்கவில்லை. நிண்டெண்டோ பெட்டி வாங்கியவன் மரியோவை வாங்கினான். அடுத்த வருஷமே சோனியின் பிஎஸ்4 வந்ததும் வெளிக் கம்பெனிகள் அந்தப் பக்கம் போய்விட்டன.

இதற்கு நேர்மாறு 2017. ஸ்விட்ச் வந்த மார்ச் 3 அன்று வெளிக் கம்பெனிகள் என்று பார்த்தால் பாம்பர்மேன், ஜஸ்ட் டான்ஸ், ஸ்கைலாண்டர்ஸ் என்று நாலைந்து பெயர். முதல் விளம்பரப் படத்திலேயே காட்டிய ஸ்கைரிம்கூட நவம்பர் 17க்குத்தான் வந்தது. செல்டா ஒன்று தாங்கிப் பிடித்தது. ஏப்ரலில் மரியோ கார்ட், ஜூலையில் ஸ்ப்ளட்டூன், அக்டோபரில் மரியோ ஒடிசி. பெரியவர்கள் தயங்கி நின்ற இடத்தில் ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் போன்ற சின்னக் குழுக்காரர்கள் புகுந்தார்கள். இன்றுவரை 15 கோடியே 21 லட்சம் ஸ்விட்ச் விற்றிருக்கிறது. கனமான பட்டியலோடு வந்த வீ யூ கடைசிவரை 1 கோடியே 35 லட்சம். அதனால் முதல் நாள் பட்டியலை வைத்துப் பெட்டியின் ஆயுசைச் சொல்ல நான் தயாராக இல்லை, மக்கா.

நான் பார்ப்பது வேறு. நம்ம ஊர் முருகன்குறிச்சியில் நாம் வீடியோ கேம் கேசட் மாற்றும் கடை ஞாபகம் இருக்கிறதா? பழைய கேசட்டோடு இருபது ரூபாய் கொடுத்தால் வேறு கேசட். கடைக்காரர் நம்மை நம்பமாட்டார், நாம் அவரை நம்பமாட்டோம். அங்கேயே கறுப்பு வெள்ளை டிவியில் சொருகி, கோன்ட்ராவின் முதல் திரை வந்த பிறகுதான் கை மாறும். லேபிளில் என்ன படம் ஒட்டியிருந்தாலும் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைத்தான் பார்ப்போம். நிண்டெண்டோவுக்கும் வெளிக் கம்பெனிகளுக்கும் முப்பது வருஷமாக நடக்கும் வழக்கும் கேசட்டைப் பற்றியதுதான் என்பது என் எண்ணம்.

1996 ஜூன் 23இல் ஜப்பானில் நிண்டெண்டோ 64 வந்தபோது கூட வந்தவை மூன்றே விளையாட்டு. அதில் ஒன்று ஷோகி, அவர்கள் ஊர்ச் சதுரங்கம். சோனி தன் பிளேஸ்டேஷனில் சிடிக்குப் போயிருந்தது, நிண்டெண்டோ கேசட்டை விடவில்லை. சிடி அச்சடிக்க மலிவு, தீர்ந்தால் சீக்கிரம் மறுபடி அச்சடிக்கலாம். கேசட்டுக்கோ முன்கூட்டியே பணம் கட்டி ஆர்டர் கொடுக்க வேண்டும், விற்காவிட்டால் நஷ்டம் முழுக்கக் கம்பெனியின் தலையில். அதோடு ஒரு சிடியில் 650 எம்பி, பெரிய கேசட்டிலேயே 64 எம்பிதான். ஸ்கொயர் என்ற வெளிக் கம்பெனி தன் ஃபைனல் ஃபேன்டஸி 7ஐத் தூக்கிக்கொண்டு பிளேஸ்டேஷனுக்குப் போனது இதனால்தான். 1997 ஜனவரி 31இல் மூன்று சிடியில் வந்தது. நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான கேம்க்யூபில் கேசட் போய்ச் சின்ன வட்டு வந்தது, அதிலும் 1.5 ஜிபிதான். ரெசிடெண்ட் ஈவில் 4 இரண்டு வட்டில் வந்து, அதே 2005இல் பிஎஸ்2க்கும் போய்விட்டது.

இப்போது ஸ்விட்ச் 2. கேம் கீ கார்டு என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். பார்க்கக் கேசட்தான், உள்ளே விளையாட்டு இருக்காது. சொருகினால் இணையத்திலிருந்து முழுவதையும் இறக்க வேண்டும், பிறகும் ஆடும்போதெல்லாம் கார்டு சொருகியிருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, யகூசா 0, பிரேவ்லி டிஃபால்ட் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. கார்டை நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அந்த மட்டில் நல்லது. ஆனால் இருபது வருஷம் கழித்து அந்த சர்வர் இருக்குமா என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மீனா தன் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க அதில் ஒன்றுமே இருக்காது. பெரிய கார்டுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். 1996இன் கணக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு நடுவில் சைபர்பங்க் 2077 ஒரு 64 ஜிபி கார்டில் முழுசாக வருகிறது, அதன் துணைக் கதை ஃபேன்டம் லிபர்ட்டியும் சேர்த்து. அறிவிப்பு வந்த அன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். 2020 டிசம்பரில் பிஎஸ்4இல் ஓட முடியாமல், சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்ட விளையாட்டு அது. அதே சிடி ப்ராஜெக்ட் ரெட் கையில் பிடிக்கும் பெட்டிக்கு அதைக் கொண்டுவந்து, கார்டுச் செலவையும் தாங்கிக்கொண்டு, முதல் நாளே கடையில் வைக்கிறது. அவர்களுக்கு இது புதிதல்ல. 2019இல் விட்சர் 3ஐ இரண்டு துணைக் கதைகளோடு 32 ஜிபி கார்டில் அடக்கினார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் சைடு அப்பர் பெர்த்தில் போர்வைக்குள் வைத்து ஆடினேன். புல்லெல்லாம் கலங்கித்தான் தெரியும், தூரத்து மரம் கிட்டே போன பிறகுதான் முளைக்கும். இருந்தும் விழுப்புரம் தாண்டியது தெரியாமல் ஆடினேன். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடியது, ஏனென்றால் எல்லாம் கார்டுக்குள் இருந்தது.

என் வேலையிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். போர்ட் செய்த, அதாவது வேறு பெட்டியிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த, விளையாட்டுகளைச் சோதித்துத்தான் ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன். டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து உருவு, சொருகு, தூங்க வை, எழுப்பு, லோடு ஆகும்போது மறுபடி உருவு. ஒரு நாளில் இருநூறு தடவை. பழைய ஸ்விட்சில் மொத்த மெமரியே 4 ஜிபி. சந்தைக் காட்சி ஒன்றில் ஆட்கள் நூறு பேர் இருந்தார்கள். ஓடவைக்க முப்பதாகக் குறைத்தார்கள், பிறகு துணி மடிப்பைக் கழற்றினார்கள், நிழலைக் கழற்றினார்கள். கடைசியில் அது சந்தையாகவே இல்லை. அதைச் செய்த பையன் முகம் வாடிப்போய் என் மேசைக்கு வந்து நின்றது கண்ணிலேயே இருக்கிறது. ஸ்விட்ச் 2இல் மெமரி 12 ஜிபி. சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கிறது. இனி அந்தப் பையன்கள் அத்தனை வெட்ட வேண்டியிருக்காது. மேடையில் யார் கைகுலுக்கினார்கள் என்பதைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். போர்ட் செய்யும் செலவு குறைந்தால் இரண்டாவது வருஷமும் வருவார்கள்.

இனி என் ஊகம். எல்டன் ரிங் இந்த வருஷம் என்கிறார்கள். அதைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர், டஸ்க்பிளட்ஸ் என்று புதிதாக ஒன்றை ஸ்விட்ச் 2க்கு மட்டும் 2026இல் தருகிறது. வெளிக் கம்பெனி ஒன்று இப்படி இறங்குவதை ஜாம்பி யூவுக்கு அப்புறம் இப்போதுதான் இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கும் வரும் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது. இன்னும் அறிவிக்கவில்லை. வந்தால், அதுவும் முழுசாகக் கார்டுக்குள் வந்தால், வெளியேறிய வீட்டுக்கு ஸ்கொயர் பெட்டி படுக்கையோடு திரும்பியதாக நான் எடுத்துக்கொள்வேன். கால் ஆஃப் டியூட்டி உறுதி, நிண்டெண்டோவோடு பத்து வருஷ ஒப்பந்தம் 2023லேயே ஆகிவிட்டது. ஜிடிஏ 6க்கு நீ காத்திருக்காதே. அடுத்த வருஷம் மே 26க்குத் தள்ளிவிட்டார்கள், அதுவும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நிண்டெண்டோவின் சொந்தச் சரக்கில் மரியோ கார்ட் வேர்ல்ட், அடுத்து ஜூலை 17இல் டாங்கி காங். ஒன்றுதான் உறுத்துகிறது. பெட்டியை அறிமுகப்படுத்தும் வெல்கம் டூருக்கு 9.99 டாலர் கேட்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில், வீ யூவுக்கு முந்தைய வீ பெட்டியோடு வீ ஸ்போர்ட்ஸ் விளையாட்டைச் சும்மா கொடுத்த கம்பெனி இப்படிச் செய்யக் கூடாது. அந்த ஒரு விளையாட்டுதான் பாட்டிமார்களையும் எழுந்து நின்று கையை வீச வைத்தது.

ஆகவே முன்பதிவைக் கைவிடாதே. நீ எடுத்தது மரியோ கார்டோடு சேர்ந்த 499.99 டாலர் பெட்டிதானே? தனித்தனியாக வாங்கினால் 449.99ம் 79.99ம் ஆகும். அந்த மட்டில் நல்ல முடிவு. மீனாவின் பழைய கேசட்டுகள் பெரும்பாலும் இதிலும் ஓடும். வெளிக் கம்பெனி விளையாட்டுகளைக் கிறிஸ்துமஸ் வரை விடு, வாங்கும்போது மேலுறையின் முன்பக்கம் அடியில் பார். கீ கார்டு என்றால் அங்கே போட்டிருக்கும். உள்ளே 256 ஜிபிதான், நாலைந்து பெரிய விளையாட்டு இறக்கினால் இடம் தீரும். உன் மேசையில் கிடக்கும் பழைய மைக்ரோ எஸ்டியில் இந்த விளையாட்டுகளை வைக்க முடியாது, எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். அதையும் இப்போதே வாங்காதே, விலை இறங்கும்.

வரும் மார்ச்சுக்குள் ஒன்றரைக் கோடி ஸ்விட்ச் 2 விற்போம் என்று மூன்று நாள் முன்னால் நிண்டெண்டோ சொல்லியிருக்கிறது. வீ யூவின் ஆயுள் விற்பனையைவிட அதிகம். ஜப்பானில் அதை வாங்க அவர்கள் கடை வைத்த குலுக்கலுக்கு மட்டும் 22 லட்சம் பேர் எழுதிப்போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் வெளிக் கம்பெனிகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

தேருக்கு வரும்போது ஸ்விட்சை எடுத்து வா. டாக் வேண்டாம், சுமை. சைபர்பங்க் கார்டு ஒன்று எனக்கு வாங்கி வா, பணம் இங்கே தருகிறேன். மீனாவை முருகன்குறிச்சிக்கும் கூட்டிப் போவோம். அந்தக் கடை இப்போது செல்போன் கடை, ஆனால் அதே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். உன்னை விசாரித்தார்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
சங்கர்