கையைத் திருகினால் பெரியவளாகும் ஸ்கிப்பர்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பொம்மைப் படத்தைப் பார்த்தேன். மீனுவுக்கென்று நீ வாங்கியிருப்பது 1975இல் பார்பி பொம்மைக் கம்பெனி மேட்டல் கொண்டுவந்த ‘குரோயிங் அப் ஸ்கிப்பர்’. கையைத் திருகினால் சிறுமி பெரியவளாகிற பொம்மை. பார்சல் வந்ததும் கையைத் திருகிப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறு. குளிரில் கிடந்து வந்த பொம்மை. ஒரு நாள் முழுக்க வீட்டுச் சூட்டில் இருக்கட்டும்.

அப்புறம் சட்டையைக் கழற்றி மார்புப் பக்கத்தைப் பார். உடம்பின் மற்ற இடமெல்லாம் கெட்டி பிளாஸ்டிக், அங்கே மட்டும் ரப்பர் மாதிரி மெத்தென்ற பொருள். ஐம்பது வருஷத்தில் அது இறுகிவிடும், மஞ்சளித்துவிடும், மயிரிழை போல வெடிப்பு விடும். விரல் நுனியால் லேசாக அழுத்து. அமுங்கி எழுந்தால்தான் கையைத் தொடலாம். ஓடு மாதிரி விறைப்பாக இருந்தால் விட்டுவிடு. உள்ளிருந்து தள்ளுகிற பாகம் அதைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். சரியாக இருந்தால் இடக்கையைத் தோளோடு பிடித்து மெதுவாகச் சுழற்று. கை எங்கே தடுக்கிறதோ அங்கேயே நிறுத்து. உடம்பு மேலெழும், இடுப்பு ஒல்லியாகும், மார்பு புடைக்கும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் மறுபடி சிறுமி. துடைக்க ஈரத்துணி போதும், தண்ணீரில் முக்காதே. இடுப்பு இடைவெளி வழியே உள்ளே போன நீரை வெளியே எடுப்பது பெரும்பாடு.

முதுகில் ஆண்டு பொறித்திருந்தால் அதை வைத்து வயது கணக்குப் போடாதே. அது அந்த உடம்பு அச்சுக்குப் பதிப்புரிமை பதிந்த ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு இல்லை. 1966 என்று முதுகில் போட்ட பார்பிகள் 1990களிலும் விற்றன.

மீனுவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடு, ஆனால் நீயும் பக்கத்தில் உட்கார். ஸ்கிப்பர் 1964இல் பார்பியின் தங்கையாக வந்தவள், ஒன்பதேகால் அங்குலம், தட்டை மார்பு, தட்டைப் பாதம். 1975இல் அவளைக் கை திருகலில் முக்கால் அங்குலம் வளர்த்தார்கள். கணக்குப் போட்டால் எட்டு சதவீதம். 133 சென்டிமீட்டர் இருக்கிற பிள்ளைக்கு அது பதினோரு சென்டிமீட்டர்தான். நிஜப் பெண்பிள்ளை அந்தப் பருவத்தில் இருபது, இருபத்தைந்து வளர்கிறாள், அதுவும் சில வருஷம் எடுத்துக்கொண்டு. அப்போதே பெண்ணியவாதிகள் இந்தப் பொம்மையைக் கண்டித்தார்கள். என் ஆட்சேபம் வேறு: எது வளர்கிறது என்ற தேர்விலேயே தப்பு. உயரம், மார்பு, இடுப்பு மூன்றும் ஒரே திருகலில். இடுப்பு ஒல்லியாவது வெறும் பொறி வேலை, மேலுடம்பு எழும்போது நடுப்பகுதி நீள்கிறது, அவ்வளவுதான். நிஜத்தில் இடுப்பெலும்பு அகலும், தொடையில் சதை போடும். பாதம் முன்கூட்டியே வளர்ந்து செருப்பு பத்தாமல் போகும். மார்பு ஒரு பக்கம் முதலில் முளைத்து, இது என்னவோ கட்டி என்று பிள்ளை பயந்துபோவாள். அது தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில்தான் மாதவிடாய் வரும். ஸ்கிப்பருக்கு இரு பக்கமும் ஒன்றாக, ஒரே அளவில் வருகிறது. காலோ வளரவே இல்லை. பெரியவளானதற்கு அடையாளம், அவளோடு வந்த உயரச் செருப்பும் நீளப் பாவாடையும்தான்!

ஸ்கிப்பரின் தோழியாக வந்த ஜிஞ்சர் பொம்மைக்கும் இதே பொறிதான் வைத்தார்கள். அப்புறம் இந்த விளையாட்டை விட்டுவிட்டு, 1980களின் கடைசியில் ஸ்கிப்பரை நேராகப் பதின்வயதுப் பெண்ணாகவே விற்றார்கள். நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வியே இல்லை.

கூடவே இன்னொரு பொம்மை வாங்க முடிந்தால் லாமிலி வாங்கு. 2014இல் வந்தது. பத்தொன்பது வயது அமெரிக்கப் பெண்ணின் சராசரி அளவில் செய்தது. பரு, தழும்பு, தோல் விரிந்த கோடு எல்லாம் ஒட்டுத்தாளாக வரும். பிறகு மாதவிடாய்க்கென்று தனிப்பெட்டியும் வந்தது. குட்டி உள்ளாடை, குட்டி நாப்கின், தேதி குறிக்க நாட்காட்டி. மீனு தானே நாப்கினை ஒட்டிப் பார்க்கட்டும், எந்தப் பக்கம் பசை என்று அவளே கண்டுபிடிப்பாள். இரண்டு பொம்மையையும் பக்கத்தில் நிறுத்தி, ஸ்கேலால் பாதத்தையும் இடுப்பையும் அளந்து எழுதச் சொல். அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், நீயாகப் பாடம் நடத்தாதே.

எடுத்து வைக்கும்போது ஸ்கிப்பரைச் சிறுமி நிலைக்கே திருப்பிவிடு. பெரியவளாகவே விட்டால் ரப்பர் இழுபட்டே இருந்து வெடிக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதே, பிசுபிசுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஹீட்டர் பக்கம் வராத அலமாரியில் வை.

அன்புடன்,
அம்மா