நவராத்திரி பொதுக் கொலுவுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. புரட்டாசி மகாளய அமாவாசையன்று படியில் பொம்மை ஏறியாக வேண்டும். தேவை 87,000 ரூபாய். கையில் இருப்பது 49,300.

பெரியநாயகி அம்மன் தவமிருந்த தலம் நம் திருப்பாதிரிப்புலியூர். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறியதும் இங்கேதான். கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரே சாட்சி. இப்பேர்ப்பட்ட ஊரில், வீட்டுக்கு வீடு கொலு இருந்த காலத்திலேயே நம் தெருவுக்குப் பொதுக் கொலு தனியாக உண்டு. பண்ருட்டி பொம்மைகள் வைக்கோல் சுற்றி மாட்டுவண்டியில் வந்து இறங்கியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பொம்மையை விடவும் பின்னால் தொங்கிய திரைக்குத்தான் பேர். மஞ்சக்குப்பத்திலிருந்தும் செம்மண்டலத்திலிருந்தும் அதைப் பார்க்கவே வருவார்கள். கிளி, யானை, கலசம், தாமரை என்று மேட்டித் துணியில் நம் பாட்டிமார் போட்ட கிராஸ் ஸ்டிச், அதாவது பெருக்கல் குறி போலப் போடும் தையல். அத்தனை தையலிலும் மேல்இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். புதிதாகப் பழகும் பெண் துணியை நீட்டினால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். முடிச்சு தெரிந்தால் "பிரிடி" என்பார்கள், அவ்வளவுதான்.

2024இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டி வந்த வெள்ளம் பொம்மை அறைக்குள் புகுந்தது. திரை சாயம் இறங்கிப் பூசணம் பூத்தது, மரப்படிகள் உப்பிவிட்டன. போன வருஷம் வாடகைத் திரையும் பிளாஸ்டிக் தோரணமும் வைத்து ஒப்பேற்றினோம். அம்மன் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

இந்த வருஷம் ஒன்பது இரவுக்கு ஒன்பது துண்டாகப் புதுத் திரை. ஐப்பசி வந்தால் கூதிர்காலம், மழையும் குளிருமான பருவம். அப்போது நம் பக்கம் கண்ணில் படுவதையே வரைந்து வைத்திருக்கிறோம்: கருமேகம், சம்பா நாற்று, கெடிலம் ஆற்றில் புதுத் தண்ணீர், சாமந்தி. நடுத்துண்டில் மட்டும் தலத்துக்குரிய பாதிரிப் பூ. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணி. ஒரு சதுர அங்குலத்தை நிரப்ப 196 தையல். ஆறு இழை நூலில் இரண்டிரண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும். தெருப் பெண்கள் கூலி வாங்காமல் தைக்கிறார்கள். ஆனால் நூலும் துணியும் சும்மா வராதே.

துணி, நூல், சட்டம் 21,500. வெள்ளம் வந்தாலும் தாங்கும் இரும்புப் படி 34,000. பந்தலும் விளக்கும் 18,000. ஒன்பது நாள் சுண்டல் பிரசாதம் 13,500. குறைவது 37,700.

இதுவரை தந்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! முதல் மாதப் பென்ஷன் உயர்வை அப்படியே கவரில் போட்டுத் தந்த டீச்சர் அம்மா, கேட்காமலே அண்டா எடுத்துக் கொடுத்த பாத்திரக் கடை அண்ணாச்சி, தினம் பத்து ரூபாயாக உண்டியலில் சேர்த்து எடுத்து வந்த பூக்கார அக்கா, வெள்ளத்தன்று இடுப்பளவு தண்ணீரில் பொம்மைகளைத் தலையில் சுமந்து காப்பாற்றிய இளைஞர்கள், எல்லோர் குடும்பத்தையும் பெரியநாயகி குறைவில்லாமல் வைக்கட்டும். பூக்கார அக்காவே கொடுத்திருக்கும்போது, மாடி வீடு கட்டியவர்கள் நாளை பார்க்கலாம் என்பது நன்றாக இல்லை. யாரென்று சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்கள் இலையுதிர்காலத்துக்கு மேப்பிள் இலையும் பரங்கிக்காயும் தைத்து வாசலில் மாட்டிப் படம் அனுப்புகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்த விரல்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த திண்ணைக்கும் கொஞ்சம் செய்ய வேண்டும், கண்ணுகளா.

நூல் வாங்கத் தாமதமானால் தையல் முடியாது. ஆகவே ஆடிப்பெருக்குக்குள் பொருளாளர் வீட்டில் பணம் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணமாக முடியாதவர்கள் நூலாகவோ சுண்டலுக்குக் கடலையாகவோ தரலாம். ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் மாலை நாலு மணிக்குமேல் திண்ணைக்கு வந்தால் போதும். ஐந்தாம் துண்டுக்கு இன்னும் ஆள் இல்லை.

இப்படிக்கு,
தெரு நவராத்திரிக் கொலுக் குழுவினர்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்