எலி தண்ணீர் குடிப்பதையும் பார்க்கிறீர்களா?

அன்புள்ள தம்பிக்கு,

நடையும் பேச்சும் தடுமாறிப்போகும் பரம்பரை நோயான எஸ்சிஏ1-க்கு மருந்து தேடும் உன் லேபிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் பார்த்தோம். சுழலும் உருளையில் மருந்து போட்ட எலி தாக்குப்பிடித்து நிற்கிறது, போடாதது பொத்தென்று விழுகிறது. "சர்க்கஸ்ல சேர்க்கலாம்" என்றார் அப்பா. "நரம்பு வார்டில் இத்தனை வருஷம் இருந்தியேம்மா, எஸ்சிஏ1 நோயாளிகளுக்கு எது முதல்ல சரியாகணும்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன்.

நடை கஷ்டம்தான். ஓபிக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். காலை அகட்டி, சுவரை ஒட்டி வருவார்கள். செருப்பு காலில் நிற்காது. பேச்சும் குழறுவதால், குடித்திருக்கிறான் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நடைக்கு ஆட்கள் எப்படியோ வழி பண்ணிக்கொள்வார்கள். கம்பு, வாக்கர், பிள்ளையின் தோள்.

புரையேறுவதற்கு அப்படி வழி பண்ண முடியாது. தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் என் வார்டுக்கு அடிக்கடி வருவார். இட்லி இறங்கும், தண்ணீர் இறங்காது. தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுங்கச் சொல்லிக் கொடுப்போம். அவர் மனைவி தண்ணீருக்குப் பதில் கெட்டியான கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பார். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டுக்குப் போவதையே அந்த மனிதர் நிறுத்திவிட்டார், பந்தியில் இருமல் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். போன இடத்தில் சாப்பிடாமல் வர நம்ம ஊரில் யார் விடுவார்கள், சொல். கடைசியில் நுரையீரலில் சளி கட்டித்தான் போனார். இந்த நோயில் பெரும்பாலானவர்கள் நடக்க முடியாததால் சாவதில்லை. விழுங்குவதும் மூச்சும் கெட்டுத்தான் போகிறார்கள். நீங்கள் நடையைக் கவனிக்கும் சிறுமூளையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தொண்டையைக் கவனிப்பது அதற்குக் கீழே இருக்கும் முகுளம் அல்லவா?

ஹூடா சோக்பியைப் பற்றி நீ சொன்னதிலிருந்து அவரைப் பற்றி நிறையப் படித்தேன். பெய்ரூட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், உள்நாட்டுப் போரால் அமெரிக்கா போய்ப் படிப்பை முடித்திருக்கிறார். குழந்தைகள் நரம்பியல் டாக்டராக இருந்துவிட்டு, அப்புறம்தான் மூலக்கூறு உயிரியலுக்குள் போனார். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் அவரும் மினசோட்டாவில் ஹாரி ஓர் என்ற விஞ்ஞானியும் 1993 ஏப்ரல் 8-ம் தேதி, ஒரே நாளில், இந்த நோயின் மரபணுப் பிழையைப் பிடித்திருக்கிறார்கள். நீ முந்தியா நான் முந்தியா என்று அடித்துக்கொள்ளாமல் சேர்ந்தே வெளியிட்டார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

அந்த மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்து, ஏறக்குறைய 40 தடவையோ அதற்கு மேலோ நீண்டால், அது உண்டாக்கும் அடாக்சின்-1 என்ற புரதம் கெட்டுப்போய்ச் செல்லில் தேங்குகிறது என்கிறார்கள். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும்போது அது இன்னும் நீளலாம், நோயும் முன்னாடியே வரலாம். டாக்டர்கள் விளக்குவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரியும். "தாத்தாவுக்கு ஐம்பதில வந்துச்சு, இவனுக்கு முப்பதிலேயே வந்துருச்சு" என்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் இந்த நோய் மிக அதிகமாக இருக்கிறது என்று நம்ம டாக்டர்கள் 2005-ல் எழுதினார்கள். அதனால் இது ஏதோ டெக்சாஸ் குடும்பத்து வியாதி என்று உன் லேபில் யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் புரதத்தின் அளவைக் குறைத்தால் எலிகள் தேறுகின்றன என்றாய். நல்ல செய்திதான். மரபணு கிடைத்து இத்தனை வருஷமாகியும் நோயை நிறுத்த மருந்து வரவில்லை என்பதால், வார்டில் இருந்தவளுக்கு இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உருளையில் எத்தனை விநாடி நின்றது என்று குறித்து வைக்கிறீர்கள், சரி. அதே எலி ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று யாராவது குறிக்கிறீர்களா? மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வந்தால் விழுங்குவதையும் ஒரு அளவாக வைக்கச் சொல்லிக் கேள். நடையில் முன்னேற்றம் ஒன்றும் தெரியாவிட்டாலும், இருமாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடிந்தால்கூட, நான் பார்த்த வீடுகளில் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள்.

உன் பேராசிரியரிடம் கேட்டுவிட்டு எழுது. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி கேட்டாள் என்றே சொல், வெட்கப்பட வேண்டாம். பருப்புப் பொடி தீர்ந்திருக்கும், அடுத்த மாதம் உன் நண்பன் வரும்போது கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
அம்மா