அப்பத்தாவின் குரலை ஒட்டித் தந்தவருக்கு

டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் இடத்தில் எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவருக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை ஐயா, மன்னிக்கணும்.

அப்பத்தா 91 வயது வரை இருந்தார். ஏழு பிள்ளைகள், விடியுமுன் சாமி கும்பிடுவது, நாள் முழுக்க வாயில் ஒரு பாட்டு. சாமி பாட்டும் தாலாட்டும் ஒரே ராகத்தில்தான் வரும். ஏன் என்று கேட்டால், "ரெண்டுமே தூக்கம் வராதவங்களுக்குத்தானே" என்பார்.

அந்தக் குரல் மிஞ்சியது ஒரே ஒரு 60 நிமிடக் கேசட்டில். போன மாதம் போட்டபோது நாடா சிக்கி அறுந்துவிட்டது. பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், "தூக்கிப் போடுங்க" என்றார்கள்.

நீங்கள்தான் கை நீட்டி வாங்கினீர்கள். திருகுகளைக் கழற்றி, 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத அந்த நாடாவின் இரண்டு முனைகளையும் வெட்டிச் சேர்த்து, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படாத பின்பக்கத்தில் ஒட்டினீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். "செலோடேப் மட்டும் வேண்டாம் தம்பி, பசை கசிந்து அடுத்த சுற்றைப் பிடிச்சுக்கும்" என்றீர்கள். கழன்று கிடந்த பஞ்சுத் துண்டையும் அதன் இடத்தில் வைத்தீர்கள். அது நாடாவை ஹெட்டோடு அழுத்தாவிட்டால் குரல் மங்கிவிடுமாம். கணினியில் ஏற்றும்போது முதலில் சுருக்காத வேவ் கோப்பு, சுருக்கிய எம்பி3 எல்லாம் அப்புறம் என்றும் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

ஒட்டிய இடத்தில் தாலாட்டின் ஒரு சொல் பாதி போய்விட்டது. சரி, போகட்டும். அடுத்து அப்பத்தா இருமிவிட்டு, "மிஷினை நிறுத்துடா" என்று என்னைத் திட்டுவது முழுசாக இருக்கிறது.